கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு கூட்டல்குறி

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15-இல் விடை கொடுத்துவிட்டது. ஆனாலும் எட்ஜ் பிரவுசருக்குள் ‘ஐஇ மோட்’ என்ற பெயரில் 2029 வரையாவது அதை வைத்திருப்போம் என்று அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. பழைய மென்பொருளை மாற்ற மனமில்லாத அலுவலகங்களுக்கான ஏற்பாடு அது. ஆகவே, இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பாராமீட்டர்களைப் பற்றி நிலவும் சில நம்பிக்கைகளை இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

“பாலிஃபில் ஒன்று போட்டால் பழைய பிரவுசரிலும் ஓடிவிடும்.”

பாராமீட்டர்களைப் பிரித்துத் தரும் ‘யூஆர்எல் சர்ச் பாராம்ஸ்’ குரோமுக்கு 2016-இல் வந்தது, சஃபாரிக்கு 2017-இல். ஐஇ-க்கு வரவே இல்லை. பாலிஃபில் அந்தக் குறையை நிரப்பும், உண்மைதான். ஆனால் அதே கோப்பில் ஒரே ஒரு ஆரோ ஃபங்ஷன் இருந்தாலும் போச்சு. ஐஇ-யால் அந்தக் கோப்பைப் படிக்கவே முடியாது. உள்ளே இருக்கும் பாலிஃபில் உட்பட ஒரு வரிகூட ஓடாது.

“பழைய டீகோடிங்கும் புதியதும் ஒன்றுதான்.”

அதிகம் பேரைக் கவிழ்த்தது இதுதான். கூட்டல்குறிக்கு இங்கே இரண்டு சட்டங்கள். ஹெச்டிஎம்எல் படிவம் அனுப்பும்போது சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ‘+’ ஆகிவிடும். முகவரிகளுக்கான பொது விதியிலோ (ஆர்எஃப்சி 3986, 2005) ‘+’ வெறும் ‘+’தான். பழைய நிரல்கள் நம்பியிருக்கும் ‘டீகோட் யூஆர்ஐ காம்பொனன்ட்’ பொது விதியின் பக்கம். ‘யூஆர்எல் சர்ச் பாராம்ஸ்’ படிவத்தின் பக்கம். படிவத்தில் “மதுரை மல்லி” என்று தேடியவருக்குப் பழைய நிரல் “மதுரை+மல்லி” என்று காட்டும். சரி என்று புதியதற்கு மாறினால், லிங்க்கில் +91 என்று நேரடியாக எழுதப்பட்டிருந்த தொலைபேசி எண் கூட்டல்குறியை இழந்து, முன்னால் ஒரு வெற்றிடத்தோடு வந்து நிற்கும். எழுதும் இடத்திலேயே கூட்டலையும் சதவீதக் குறியீடாக்கிவிட்டால் இரண்டு சட்டமும் சமாதானமாகும். பழைய நிரலில் படிக்கும்போது, முதலில் ‘+’களை இடைவெளியாக மாற்றிவிட்டு அதன் பிறகே டீகோட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் உண்மையான கூட்டல்குறியும் சேர்ந்து காணாமல் போகும்.

“எஸ்கேப் செய்தால் போதுமே, இத்தனை வருடமாக ஓடுகிறதே!”

ஆங்கிலம் மட்டும் போனவரை ஓடியிருக்கும். ‘எஸ்கேப்’ என்ற அந்தப் பழைய ஃபங்ஷன் தமிழ் எழுத்தைச் சதவீதக் குறி, யு, நான்கு இலக்கம் என்று எழுதும். அந்த வடிவம் எந்த முகவரித் தரத்திலும் இல்லை. அதை ‘டீகோட் யூஆர்ஐ காம்பொனன்ட்’டிடம் கொடுத்தால் பிழை எறிந்துவிட்டு நின்றுவிடும். கூட்டல்குறியையும் ‘எஸ்கேப்’ தொடாது. அதற்குப் பதிலான ‘என்கோட் யூஆர்ஐ காம்பொனன்ட்’ ஐஇ 5.5 காலத்திலிருந்தே இருக்கிறது; பழைய பிரவுசர் என்பது சாக்காகாது.

“முகவரி 2083 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது இணையத்தின் விதி.”

அது ஐஇ-யின் விதி. ஹெச்டிடிபி தரம் அப்படி ஓர் உச்சவரம்பு வைக்கவில்லை. சர்வர்கள்தான் தங்களுக்கென்று வைத்துக்கொள்கின்றன. அபாச்சியில் கோரிக்கையின் முதல் வரிக்கு வழக்கமான அளவு 8190 பைட். ஆனால் ஐஇ-யில் தமிழுக்கு நெருக்கடி சீக்கிரமே வந்துவிடும். ‘தமிழ்’ என்ற சொல்லில் மெய்ப்புள்ளியும் இகரக் குறியும் சேர்த்து ஐந்து யூனிகோட் குறிகள். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்து. மொத்தம் 45. தள முகவரியை விட்டுவிட்டுப் பார்த்தால்கூட, ‘தமிழ்’ என்று 46 தடவைக்கு மேல் எழுத இடமில்லை. நாலு வரிக் கருத்தை முகவரியில் ஏற்றி அனுப்ப நினைத்தவர்கள் போஸ்ட் முறைக்குப் போவதே நல்லது. அந்தப் பக்கத்தை லிங்க்காகப் பகிர முடியாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

“சமக்குறியில் வெட்டினால் பெயர் ஒருபுறம், மதிப்பு மறுபுறம்.”

மதிப்புக்குள்ளேயே சமக்குறி வரலாம். பேஸ்64 சரங்கள் பல அதில்தான் முடிகின்றன. வெட்டி இரண்டாவது துண்டை மட்டும் எடுத்தால் மிச்சம் போய்விடும். முதல் சமக்குறி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் பிரிக்க வேண்டும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ‘யூஆர்எல் சர்ச் பாராம்ஸ்’ஸின் ‘கெட்’ முதல் மதிப்பைத் தரும், பிஹெச்பி கடைசி மதிப்பை எடுத்துக்கொள்ளும். பிரவுசர் ஒன்று காட்ட, சர்வர் வேறொன்றைச் சேமிக்கும் மர்மங்களில் சில இப்படிப் பிறந்தவை.

சோதனைக்கு என் கையிருப்பு ஒரே ஒரு மதிப்புதான்: அ+ஆ = 100% & இ. இதைக் குறியீடாக்கி, ஐஇ மோட் ஜன்னலிலிருந்து அனுப்பி, ஓர் எழுத்தும் குறையாமல் திரும்பி வருகிறதா என்று பார்ப்பேன். வழக்கமாக முதல் ஓட்டத்தில் வராது.