துணியும் பிசினும்

விமான இறக்கைகளைத் துணியால் செய்கிறார்களாமே, மெய்தானா என்று ஆரணி அங்கத்தினர் சிலர் நம்மை வினவுகின்றனர். மெய்யே. கரியிழையைப் பாவும் ஊடையுமாக நெய்து, பல படிகளாக அடுக்கி, பிசின் ஊட்டி இறுகச் செய்தால் எஃகின் எடையில் ஏறக்குறைய 5இல் 1 பங்கே உள்ள வலிய பொருள் கிடைக்கிறது. இதனைக் கூட்டுப்பொருள் என்பர்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நமது கடற்கரையில் பெருகிய ஃபைபர் படகுகள் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அச்சின் மீது (தறியின் அச்சு அன்று, வார்ப்பு அச்சு) கண்ணாடியிழையை விரித்துத் தூரிகையால் பிசின் பூசுவர். செலவு சொற்பம். ஆயினும் கைப்பூச்சில் பிசின் மிகும். காற்றுக் குமிழும் தங்கும். வலிமை தருவது இழை. மிகைப் பிசின் வெறும் சுமை.

விமானத்துக்கெனில், பிசின் முன்பே ஊட்டிய துணியை உறைகுளிரில் காத்து வைத்து, பின்னர் ஆட்டோகிளேவ் என்னும் பெரிய அழுத்தக் கலனில் சூடேற்றுவது வழக்கம். பணமெல்லாம் அக்கலனுக்கே போய்விடுகிறது.

இதற்கு மாற்று உண்டு. உலர்ந்த துணியை அச்சில் அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, விளிம்பை ஒட்டி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பினால் இழுத்துவிடுவர். அப்பொழுது வெளிக்காற்றே சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் வீதம் துணியை அழுத்துகிறது. காற்றுக்கு யாரும் விலை கேட்பதில்லை! குழாய் வழியே பிசின் தானாக உறிஞ்சப்பட்டு எங்கும் பரவும். இவ்வழியைத் தழுவியே பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகம் 'வெரிட்டி' என்ற முறையை வகுத்து, சரஸ் விமானத்தின் இறக்கைக்குப் பயன்படுத்தியது.

இனி நம் தொழிலைப் பற்றி. ஊடை ஏறி இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் இழையின் வலிமை சற்றுக் குன்றுகிறது; ஆகவே நீண்ட மிதப்புள்ள சாட்டின் நெசவை விரும்புகின்றனர். கண்ணாடிப் பாவுக்கும் கஞ்சி உண்டு. நெய்தபின் அதனைச் சூட்டினால் போக்கி, பிசின் பற்றுதற்குரிய வேறு பூச்சு இடுவர். ஆனால் இவ்விழை பட்டைப்போல் இணங்காது. உரசினால் முறியும், துகள் தோலை அரிக்கும். பட்டுத் தறியிலேயே நாளை முதல் நெய்யலாம் என்று எவரேனும் முன்பணம் கேட்பின் கொடாதிருப்பதே நலம்.

பழக விரும்பும் சங்கம் சணல் துணியில் ஒரு சாண் அளவுத் துண்டு செய்து பார்க்கலாம். காற்றை இழுத்தபின் குழாயை அடைத்து, பம்பை நிறுத்தி, அழுத்தமானியைச் சிறிது நேரம் கவனிக்க வேண்டும். முள் அசைந்தால் எங்கோ காற்றுக் கசிகிறது. அதனைக் கண்டு அடைக்குமட்டும் பிசினைத் திறத்தல் கூடாது.