பதினோரு ஈசிஜிக்குப் பிறகு

கண்ணு, அடுத்த வாரம் முதல் தடவையாக மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகிறாயாம், உன் அம்மா சொன்னாள். படபடப்புக்குப் பயந்து பதினோரு ஈசிஜி எடுத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. "எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்" என்று டாக்டர் சொன்னபோது, நான் நடிக்கிறேன் என்கிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த ரோஷத்தில் ஆறு வருஷம் போனது. நீ அப்படி வீம்பு பிடிக்காதே. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வயிறு கலங்கும். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இருக்கலாம், படபடப்பு பொய்யில்லை.

2. ஆலோசகர் சொல்வதைச் செய்து பார்க்கும் துணிச்சல் வேண்டும். என் ஆலோசகர் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிஷம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். முப்பது எண்ணுவதற்குள் விரல்நுனி மரத்தது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தது, தலை கிறுகிறுத்தது. மாரடைப்பு என்று நான் ஆட்டோ பிடித்து ஓடிய அதே அறிகுறிகள்! "இப்போது ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று சிரித்தார். மூச்சு மிஞ்சினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால் வருகிற மரப்பு இது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் கிழவிகள் சொன்னதைத்தான், 1986-இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் பீதி நோய்க்கு விளக்கமாக எழுதினார். நெஞ்சு சுருக்கென்றால் மாரடைப்பு என்று நினைக்கிறோம். நினைத்ததும் இன்னும் படபடக்கிறது. அந்தச் சங்கிலியை அறுப்பதுதான் சிகிச்சை.

3. பயத்துக்குத் துணையாகப் பிடித்திருக்கும் ஊன்றுகோல்களை ஒவ்வொன்றாகக் கீழே வை. எனக்குத் தலையணைக்கடியில் பிபி மெஷின், பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கத்து சீட். மெஷினைப் பரணில் ஏற்றிய முதல் வாரம் நரகம். மூன்றாவது வாரம் அதைத் தேடவே மறந்திருந்தேன்.

4. பொய் சொல்லாதே. ஆலோசகர் எழுதிவரச் சொன்ன குறிப்புகளை பஸ்ஸில் வரும்போது கற்பனையாக நிரப்பினேன். நஷ்டம் அவருக்கில்லை.

5. அவசரப்படாதே. எனக்கு வயிறு முதலில் அடங்கியது, அப்புறம் தூக்கம், நெஞ்சு கடைசியில். மாத்திரை கொடுத்தால் கௌரவம் பார்க்காமல் சாப்பிடு, நீயாக நிறுத்தாதே. புதிதாக வேறு மாதிரி வலி வந்தால் டாக்டரிடம் காட்டு.

6. ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 14416, டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடு. இரண்டு மணிக்கு விழித்துத்தான் இருப்பேன். இப்போது அது வயசுக் கோளாறு, பயமில்லை.