முகம் மழிக்கும் தூரிகையும் கொல்லாமையும்

முகம் மழிக்கச் சோப்பை நுரைக்கும் தூரிகை எதனால் ஆனது? உணவில் கொல்லாமை பேணும் இல்லங்களிலும் இவ்வினா எழுவது அரிது. உறையில் 'இயற்கை மயிர்' என்றிருப்பின் அது விலங்கின் மயிரே. அது மூவகைப்படும்.

1. பேட்ஜர் மயிர்: வளை தோண்டி வாழும் ஒரு விலங்கினுடையது. மென்மையானது, நீரை நன்கு தாங்குவது, விலை மிக்கது. பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. கொன்ற விலங்கின் தோலினின்று எடுக்கப்படுவது.

2. பன்றி மயிர்: தடித்தது, விலை குறைந்தது. இறைச்சிக்காகக் கொல்லப்படும் பன்றியினின்று பெறப்படுவது.

3. குதிரை மயிர்: பிடரியிலும் வாலிலும் கத்தரித்தே எடுக்க இயலும். ஆயினும் எவ்வாறு எடுத்தனர் என்பதை வாங்குவோர் அறிதல் கடினம்.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவழியில் வரும். நாம் கொல்லவில்லை, எனினும் விலை கொடுப்பது உடன்படல் அன்றோ?

மாற்று எளிது. 1938-ஆம் ஆண்டிலேயே நைலான் இழை பல் துலக்கும் தூரிகையில் இடம்பெற்றது. இன்று மென்மையான செயற்கை இழைத் தூரிகைகள் கிடைக்கின்றன.

சோதனை: உதிர்ந்த இழை ஒன்றைச் சுடரில் காட்டுக. மயிராயின் கருகி நாறும். செயற்கை இழை உருகித் திரளும்.

பயன்படுத்தும் முறை: செயற்கை இழையை நெடுநேரம் ஊறவைக்க வேண்டா. கிண்ணத்து வெந்நீரில் நனைத்து, உதறி, சோப்பில் வட்டமாகச் சுழற்றுக. பின்னர் அலசி, காற்றில் உலர்த்துக. குழாயைத் திறந்துவிடாமையால் நீரும் மிகும்.

பயிற்சி: உங்கள் இல்லத்திலுள்ள தூரிகைகள் அனைத்தையும் சிறுவர்களோடு ஆராய்ந்து, எவை எதனால் ஆயின எனப் பட்டியல் இடுக.