ஆங்கிலம் அறிவோம்: சொத்துப் பேச்சில் வரும் சொற்கள்



இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. அதற்குப் பிறகு நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. கூடவே "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா, போடு" என்று அண்ணன் தம்பிகள் பத்திரம் நீட்டுவதும் வந்துவிட்டது. அதனால் இந்த மாதம் சொத்துச் சொற்களைப் படிப்போம்.

முதலில் 'லீகல் ஏர்'. சட்டப்படி வாரிசு என்று அர்த்தம். நாம் எல்லோரும் 'ஹேர்' என்றே சொல்கிறோம். அப்படிச் சொன்னால் தலைமுடி! தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் கல்யாணமாகிப் போன மகள் பெயரும் இருக்க வேண்டும். "அவதான் வேற வீட்டுக்குப் போயிட்டாளே" என்று விட்டுவிடக் கூடாது.

உயில் 'எழுதினார்' என்போம். ஆங்கிலத்தில் 'மேக் எ வில்'. உயில் இல்லாமல் இறப்பது 'டை வித்தவுட் எ வில்'. இந்து வாரிசுச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் அம்மா, மகன், மகள், உயிரோடு இருந்தால் பாட்டி எல்லோருக்கும் 'ஈக்வல் ஷேர்', அதாவது சம பங்கு. முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்குச் சட்டம் வேறு.

'ஆன்செஸ்ட்ரல் ப்ராப்பர்ட்டி' என்பது பூர்வீகச் சொத்து. 1989-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டம், அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும் இதில் பங்கு கொடுத்தது. 2005-ல் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் பங்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 20.12.2004-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அது செல்லும்.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருவோம். அதன் பெயர் 'ரிலீஸ் டீட்', தமிழில் விடுதலைப் பத்திரம். விடுதலை என்றதும் நல்ல சொல்லாகத்தான் தெரிகிறது. ஆனால் நம் கையை விட்டுப் போவது நம் பங்கு. மனசார விட்டுக்கொடுப்பது அவரவர் இஷ்டம். பணம் வாங்கினால் முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பதிவாகிவிட்டால் திரும்பப் பெறுவது கஷ்டம்.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம்: "ஐ வான்ட் டு க்ளெய்ம் மை ஷேர்." என் பங்கைக் கேட்கிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.