நாஞ்சில் நாட்டில் ஒரு சாயங்காலம்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியம் செய்கிறார்கள். விடிவதற்கு முன் எழுந்து சூரியனைப் பார்க்கிறார்கள். வரிசையில் நின்று படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போகிறார்கள். சங்கு மாலை வாங்குகிறார்கள். படகுச் சீட்டு நாலு மணியை ஒட்டி நின்றுவிடும். அதன்பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கடற்கரையில் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மதியம் மூன்றரையிலிருந்து நடுச்சாமம் வரையிலான நேரத்தை என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

பாங்காக்கில் சாவோ பிரயா ஆற்றுப் படகில் ஒரே சீட்டில் ஊர் விளக்குகள், ஆட்டம், விருந்து எல்லாம் கிடைக்கும். இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு சீட்டுக்கு அலையாதீர்கள். ஊர் இருக்கிறது, கூத்து இருக்கிறது, ஆறு இருக்கிறது, சாப்பாடு நிறையவே இருக்கிறது. கோத்துக்கொள்ள வேண்டியது நீங்கள். கோப்பதற்கு வசதியான இடம் குமரிமுனை அல்ல, அங்கிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாகர்கோவில். ஆட்டோவோ காரோ சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் காசையும் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நம்மூர்க்காரர்கள் கணக்கில் கறார், முன்கூட்டிப் பேசினால் தங்கமானவர்கள்.

முதலில் வடசேரி. பரதநாட்டியக்காரிகள் நெற்றியிலும் உச்சியிலும் கழுத்திலும் அணிகிற சிவப்புக்கல் நகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோயில் நகைகளுக்குப் பேர் பெற்ற இடம் இது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறைகளில்தான் வேலை நடக்கிறது. கல் பதிக்கிறவருக்கு வெளிச்சம் முக்கியம் என்பதால் நேரத்தோடு போங்கள். வாங்காவிட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

நாகராஜா கோயில் பக்கத்தில்தான். ஊருக்குப் பெயர் கொடுத்த கோயில். கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான், பிரசாதம் மண். தூண்களைச் சற்று நின்று பாருங்கள்: பார்சுவநாதரும் மகாவீரரும் அங்கே உண்டு. நாகருக்குப் பாலூற்ற வருகிற பெண்கள் கூட்டத்தில் சமண தீர்த்தங்கரர்களைத் தேடுகிறவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். மணிமேடை என்கிற மணிக்கூண்டை வண்டியில் இருந்தபடியே பார்த்தால் போதும். 1893இல், மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் திறந்தது. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன் திருவிதாங்கூரில் இருந்தது என்பதற்கு ஊர் நடுவில் நிற்கும் சாட்சிகளில் அதுவும் ஒன்று. இறங்கி நின்று பார்க்கலாமென்றால் அங்கே போக்குவரத்து விடாது.

ஒழுகினசேரி வழியாகப் போக நேர்ந்தால் பாலத்தில் ஒரு நிமிடம். கீழே ஓடுவது பழையாறு. இந்த ஊரில் 1908இல் பிறந்தவர் என்.எஸ்.கிருஷ்ணன், கோயில் முற்றத்து வில்லுப்பாட்டைத் தமிழ்நாடு முழுக்க மேடையேற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு. ஆற்றைப் பார்த்துவிட்டு இங்கேயே சாப்பிடலாமா என்று மட்டும் நினைக்காதீர்கள். நகரத்துச் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து ஆற்றை இங்கே மூச்சுமுட்ட வைத்திருக்கின்றன.

நாலரைக்குள் சுசீந்திரத்தில் இருங்கள். நாகர்கோவிலிலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள்தான். தாணுமாலயன் கோயில் நடை மாலையில் திறக்கும், எட்டு எட்டரைக்குள் அடைத்துவிடும். ஆண்கள் சட்டையைக் கழற்றி நுழைவது இங்கே பழைய வழக்கம். தோளில் ஒரு துவர்த்துத் துண்டு இருந்தால் சௌகரியம். வழிகாட்டி என்று ஒட்டிக்கொள்கிறவர் பதினெட்டடி அனுமாரையும் இசைத் தூண்களையும் காட்டிப் பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார். அவசரப்படாமல் பிரகாரத்தைச் சுற்றுங்கள். கைவிளக்கேந்திய பாவைகள் தூணுக்குத் தூண் நிற்கின்றன. சாயும் வெளிச்சத்தில் அவற்றின் முகம் மதியத்தில் பார்த்த முகம்போல இருக்காது.

இக்கோயிலின் அர்த்தசாம பூசையை இந்திரனே வந்து செய்வதாக நம்பிக்கை. அதனால் இரவு நடை அடைத்த போற்றி, அதாவது அர்ச்சகர், மறுநாள் காலையில் நடை திறக்கக் கூடாது. உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்ற சத்தியமும் உண்டு. கொதிக்கும் நெய்யில் கைவிட்டுக் குற்றமில்லை என்று நிரூபிக்கச் சொல்லும் கைமுக்கு வழக்கமும் இங்கேதான் இருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1834இல் ஒழித்தார்கள். நீங்கள் செருப்பை விட்டுவிட்டுச் சாதாரணமாக நடக்கிற இந்தத் தேரோடும் வீதிகளில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். கோயிலுக்குள் நுழையும் உரிமை 1936 நவம்பரில்தான் வந்தது. வழிகாட்டிகள் இதைச் சொல்வது அபூர்வம். கூட வந்த பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

தீபாராதனை வரை இருந்தால் மணக்குடியில் அந்தியைப் பிடிக்க முடியாது. இரண்டில் ஒன்றுதான். என் ஓட்டு மணக்குடிக்கு.

மகேந்திரகிரிப் பக்கம் மலையில் தொடங்கிப் பூதப்பாண்டி, நாகர்கோவில், சுசீந்திரம் என்று வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வரும் பழையாறு, மணக்குடியில் காயலாக விரிந்து கடலில் சேர்கிறது. கீழமணக்குடி ஒரு கரை, மேலமணக்குடி மறுகரை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நடுவிலிருந்த பாலமே அடித்துப் போனது. இப்போது நிற்பது அதற்குப் பிறகு கட்டியது. ஓரங்களில் அலையாத்திச் செடிகள், கொக்கு, நாரை, வலையை உதறிக்கொண்டு இரண்டு மூன்று வள்ளம். ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் கடலில் இறங்கும். மற்ற மாதங்களில் மேற்கே தென்னைகளுக்குப் பின்னால்தான் மறையும். குமரிமுனையிலும் இதே கதிதான், அங்கே யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வருடம் முழுக்கக் கடலில்தான் விழ வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் முட்டம் போங்கள், ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்த பாறைகள் இருக்கும் ஊர். 

சாப்பாட்டை ஆறரைக்கே முடித்துக்கொள்வது நல்லது. இருட்டினால் கொசு உங்களைச் சாப்பிடத் தொடங்கிவிடும். கரையில் மேசையும் மெழுகுவத்தியும் வைத்துப் பரிமாற ஆள் வருவார்கள் என்று எதிர்பார்க்காமல், நாகர்கோவிலில் கிளம்பும்போதே பொதி கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு விஷயம். அவியலும் எரிசேரியும் புளிசேரியும் ஓலனும் பிரதமனுமாக இலைபோட்ட நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு மதியத்துச் சமாச்சாரம். சாயங்காலம் அதைக் கேட்டால் ஓட்டல்காரர் உங்களை அனுதாபத்தோடு பார்ப்பார். மாலைக்கு உரியது வேறு. வேகவைத்து மசித்துத் தேங்காய் சேர்த்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும்தான் முதல் தேர்வு. தேங்காயை மைபோல அரைத்து, புளிக்கு நடுவே மாங்காய்த் துண்டும் கிடக்கிற குழம்பு. சாளை கிடைத்தால் விடாதீர்கள். மலிவு மீன் என்று முகம் திருப்புகிறவர்கள் அதன் நெய்யை அறியாதவர்கள். மீன் வேண்டாதவர்களுக்குப் புட்டும் பயறும் பப்படமும், அல்லது ஆப்பம். கொறிக்க ரசவடை. இனிப்புக்குப் போளி, பால்பாயசத்தோடு சேர்த்துத் தின்பதுதான் இங்கத்திய முறை, தனியாகத் தின்றால் பாதி ருசிதான். கடைசியில் மட்டிப்பழம். விரலளவு இருக்கும், மணம் பையைத் திறக்கும்போதே வரும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். நசுங்கிவிடும் என்பதால் சாப்பாட்டுப் பொதிக்கு மேலே வையுங்கள்.

ஆற்றங்கரையில் உட்கார ஒரு பாய், கைகழுவத் தண்ணீர், கழிவைத் திரும்ப எடுத்துப்போக ஒரு பை. வாழையிலையை விட்டுவிட்டு வந்தாலும் பிளாஸ்டிக் கிண்ணத்தை விட்டு வராதீர்கள். பொழியில் இறங்கிக் குளிப்பது வேண்டவே வேண்டாம். கடலும் ஆறும் சேரும் அந்த மணல்வாய் மழைக்காலத்தில் உடைந்து திறக்கும், கோடையில் மூடிக்கொள்ளும். நேற்று முழங்கால் ஆழமாக இருந்த இடம் இன்று அப்படி இருக்காது. குடித்துவிட்டுச் சத்தம் போடுவதற்கான இடமும் இது அல்ல, பத்தடி தள்ளி வீடுகள் இருக்கின்றன. படகில் ஏறியே தீர வேண்டும் என்கிறவர்கள் கேரள எல்லையைத் தாண்டி நெய்யாறு கடலில் சேரும் பூவாறுக்குப் போவது உத்தமம். அது வேறொரு நாளுக்கான திட்டம்.

ஆடி அமாவாசையை ஒட்டி வருகிறீர்களா? அப்படியானால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு நேரே குழித்துறைக்குப் போங்கள், நாகர்கோவிலிலிருந்து முப்பது கிலோமீட்டர். மேற்கே ஓடும் தாமிரபரணியின் கரையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும். காலையில் முன்னோருக்குப் பலியிட வருகிற ஊர், சாயங்காலம் ராட்டினத்துக்கும் செடிகன்று கடைகளுக்கும் மேடைக் கலைநிகழ்ச்சிக்கும் வந்துவிடும். ஆறும் ஆட்டமும் தீனியும் ஒரே இடத்தில் இருக்கிற நாட்கள் இந்த மாவட்டத்தில் அவைதான்.

இனி கூத்து. இங்கே கலை தேதி பார்த்து வரும். உங்களுக்காக ஏழு மணிக்குத் திரை விலகாது. மார்கழித் திருவாதிரையை ஒட்டிய பத்து நாள் சுசீந்திரம் திருவிழாவில் வந்தால் உங்கள் பாடு யோகம். மூன்றாம் நாள் இரவு ‘மக்கள்மார் சந்திப்பு’: கோட்டாறு வலம்புரி விநாயகரும் குமாரகோயில் முருகனும் தாய் தகப்பனைப் பார்க்க வந்து சேர்வார்கள். ஒன்பதாம் நாள் தேரோட்டம். அன்று நடுராத்திரி சப்தாவர்ணத்தில் பிள்ளைகள் விடைபெற்றுப் போவார்கள். உலோகச் சாமிகள் வாசலில் முன்னும் பின்னுமாக ஆடித் தயங்குவதைப் பார்த்துக் கண் கலங்குகிற கிழவிகள் கூட்டத்தில் உண்டு. அந்த நாட்களில் மணக்குடியை விட்டுவிட்டு இரவைச் சுசீந்திரத்துக்கே கொடுத்துவிடுங்கள். நவராத்திரிக்கு முன்னால் வந்தால் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரர் மூவரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி உண்டு. விடிய விடிய நடக்கும், கதை தெரிந்துகொண்டு போனால்தான் தாங்கும். தோல்பாவைக்கூத்து அருகிவிட்டது. வீட்டில் மராத்தி பேசி மேடையில் தமிழில் ராமாயணம் நடத்துகிற குடும்பங்கள் அவை. எங்காவது நடக்கிறதென்று கேள்விப்பட்டால் மற்ற திட்டங்களை ரத்து செய்யுங்கள்.

இவை எதுவும் இல்லாத நாளில் தேட வேண்டியது கொடை. பங்குனி தொடங்கி ஆவணி வரை, முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன் கோயில்களில் ஊருக்கு ஊர் நடக்கும். செவ்வாய், வெள்ளிகளில் வாய்ப்பு அதிகம். சுவரொட்டியைப் பாருங்கள், சாயாக்கடையில் “இன்னைக்கி எங்க அண்ணாச்சி கொடை?” என்று கேளுங்கள். பதிலோடு குறுக்கு வழியும் சொல்லித் தருவார்கள். அழைப்பிதழ் தேவையில்லை.

கொடையில் பாடும் வில்லுப்பாட்டை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வில் பேச்சுக்குத்தான் என்று நினைப்பார்கள். உண்மையிலேயே வில்தான். ஆளுயரத்துக்கும் மேலான வில்லின் வளைவைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, நாணை மேலே வைத்து, சலங்கை பூட்டிய வீசுகோல்களால் புலவர் அடிப்பார். குடத்தின் வாயில் பத்தி என்கிற மட்டையால் தட்டுகிறவர் ஒருவர். உடுக்கை, தாளம், கட்டை மற்றவர்கள் கையில். சாமி பிறந்த கதை, வரம் வாங்கிய கதை, நியாயமில்லாமல் கொல்லப்பட்டு நீதி கேட்டுத் தெய்வமான கதை. இந்தக் கடைசி வகைக்கு நாஞ்சில் நாட்டில் தனி இடம். மேட்டு வீட்டுக்காரனால் செத்த ஏழையும், காதலித்துக் கெட்ட பெண்ணும் பீடத்தில் நிற்கிறார்கள். கொன்றவன் வம்சத்தாரும் வந்து கும்பிடுகிறார்கள். புலவர் நடு நடுவே நாட்டு நடப்பையும் குத்துவார். சிரிப்பது உங்களைப் பற்றி என்றாலும் சிரித்துவிடுங்கள்.

ஒன்பது மணிக்கு மேல் போனால் பாட்டு சூடுபிடித்திருக்கும். நடுச்சாமத்தில் பாட்டு உச்சத்துக்குப் போக, மேளம் ஏற, சாமியாடிகள் இறங்குவார்கள். இது உங்களுக்காக நடத்தும் காட்சி அல்ல என்பது அப்போது புரியும். வழியை விட்டு ஒதுங்கி நில்லுங்கள், முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டாதீர்கள். கிடாவெட்டு நடக்கிற கோயில்களும் உண்டு. சிறு பிள்ளைகளோடு வந்தவர்கள் ஊர்க்காரர் யாரிடமாவது முதலிலேயே விசாரித்து, அதற்கு முன் கிளம்பிவிடலாம்.

கொடையும் இல்லை, திருவிழாவும் இல்லை என்றால் மணக்குடியிலிருந்து குமரிமுனைக்கு வண்டியை விடுங்கள். வழியில் சாமித்தோப்பு: சுசீந்திரத்தில் சட்டையைக் கழற்றிய நீங்கள், அய்யா வைகுண்டர் பதியில் அதோடு தலைப்பாகையும் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தோளில் கிடக்கும் துவர்த்து இங்கே இரண்டாவது முறை உதவும். குமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவரும், 1970ஆம் ஆண்டு விவேகானந்தர் மண்டபமும், 2024 கடைசியில் இரண்டுக்கும் நடுவே போட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் விளக்கொளியில் தெரியும். கரையிலிருந்து பார்க்க வரிசையும் இல்லை, சீட்டும் இல்லை. ஒரு சுக்குக்காப்பிக்குப் போதுமான காட்சி. கொடை கிடைத்த நாளில் இதற்காக வர வேண்டாம்.

கொடையில் உட்கார்ந்துவிட்டவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. டவுன் பஸ் அந்நேரத்துக்கு இருக்காது, வண்டியைப் போகவிடாதீர்கள். பாட்டு பிடித்திருந்தால் புலவருக்கு அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். பாட்டை நிறுத்தி ஒலிபெருக்கியில் கொடுத்தவர் பெயரைச் சொல்வார்கள். பெயரோடு ஊரையும் சேர்த்துத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். தூரத்து ஊர் என்றால் புலவர் அதை வைத்தே இரண்டு வரி கட்டிவிடுவார்.