தொல்பூஞ்சண ஸ்போர்களுக்குப் பெயரிடுதல்

கோலார் தங்கவயலின் பாலகாட் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுத் தொன்மையுடையன. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றின் மாதிரியில் பூஞ்சண ஸ்போர் தென்படின், சுரங்க மரத்தினின்றோ காற்றினின்றோ கலந்ததென்றே கொள்ளுதல் வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலோ தொல்ஸ்போர்கள் உண்மையாகவே உள்ளன. அவற்றின் உறுதியான சுவர், பாறையைக் கரைக்கும் அமிலத்திலும் கெடாது நிற்கும்.

தாய்ப் பூஞ்சணம் பெரும்பாலும் கிட்டாமையால், உறவு நோக்காது வடிவு நோக்கியே பேரினம் வகுப்பர். முதலில் அறைகளையும், பின்னர்த் துளைகளையும் எண்ணுக. ஓரறையும் ஒரு துளையும் உடையது மானோபோரிஸ்போரைட்டிஸ். ஓரறையுடன் துளையற்றது இனாபெர்ட்டிஸ்போரைட்டிஸ். இவை 1954-இல் வான் டெர் ஹாமன் இட்ட பெயர்கள். ஈரறையுடன் துளையற்றதை 1968-இல் எல்சிக் டைசெல்லேஸ்போரைட்டிஸ் என்றார்.

எண்ணுதல் எளிதன்று. மடிந்த சுவர் தடுப்பெனத் தோன்றும்; உடைந்த முனை துளையென மயக்கும். ஆதலின் ஒரே ஸ்போரைக் கண்டு புதுப்பெயர் சூட்டற்க. களத்தில் மேற்பரப்பை நீக்கிப் புதுமுகத்திலிருந்து மாதிரி எடுத்து, அங்கேயே மூடி, ஆழத்தைக் குறித்திடுக.