ஒளிப்படத் தொழிலுக்கும் பகுதிநேரப் படிப்புக்கும் ஒரே மடிக்கணினி: வண்டிப்பெரியாரிலிருந்து ஒரு கணக்கு

குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் மலைச்சாலையில், பெரியாற்றின் கரையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் வண்டிப்பெரியார். தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு வட்டாரத்தில் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது, ஒரே வருவாயை நம்பியிருப்பதன் இடரை இம்மக்கள் நேரில் கண்டனர். இங்குள்ள இளைஞர் ஒருவர் முகூர்த்த நாள்களில் திருமணப் படம் எடுக்கிறார். மற்ற நேரத்தில் தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரால் 75,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. அவர் எத்தகைய மடிக்கணினியை வாங்குவது நலம் என்பதை இவ்விதழில் காண்போம்.

படிப்பின் தேவை சிறிது. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாயினும், 2020இல் கொல்லத்தில் அமைந்த ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகமாயினும், மாணவருக்கு வேண்டுவன பாடக் காணொலி பார்த்தல், ஒப்படைப்புகளைத் தட்டச்சு செய்தல், இணைய வகுப்பில் முகம் காட்டுதல் ஆகியவையே. இவற்றை எந்தப் புதிய மடிக்கணினியும் செய்யும். ஆகவே விலையைத் தீர்மானிப்பது ஒளிப்படத் தொழில்தான்.

கடையில் முதலில் சொல்லப்படுவது செயலியின் பெயர். நாம் முதலில் கேட்க வேண்டியது திரையைப் பற்றி. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றின் விவரத்தாளில் '45 சதவீத என்டிஎஸ்சி' என்று இருக்கும். இணையத்திலும் சாதாரண அச்சகங்களிலும் வழங்கும் எஸ்ஆர்ஜிபி வண்ண வரம்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைத்தான் இத்திரை காட்டும். மணமகளின் அரக்குச் சிவப்புப் புடவை அதில் மங்கித் தெரியும். அதைச் சரிசெய்வதாக எண்ணி வண்ணத்தைக் கூட்டுவோம். ஆல்பம் அச்சாகி வரும்போது முகங்கள் கூடச் சிவந்து நிற்கும். மறு அச்சுச் செலவு நம் தலையில் விழும். எனவே 'நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி' என்று விவரத்தாளில் எழுத்தில் இருக்கும் ஐபிஎஸ் திரையையே கொள்ளுதல் வேண்டும். அதற்கும் மேம்பட்ட வண்ண வரம்பு உயர்தர அச்சுப் பணிக்கு உரியது. தொடக்கத்தில் அதற்குப் பணம் தர வேண்டியதில்லை.

அடுத்தது நினைவகம். படத் திருத்த மென்பொருளுக்கு 8 ஜிபி என்பது வாசற்படி. 16 ஜிபியே நிம்மதி. சில மாதிரிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியாது. திரையும் அப்படியே. சேமிப்பகத்தையோ பெரும்பாலான மாதிரிகளில் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பணம் போதாவிட்டால் எதைக் குறைப்பது என்பதற்கு இதுவே விடை. அசையாப் படங்களுக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை இன்றியமையாததன்று. திருமணக் காணொலியும் தொகுப்பவருக்கு மட்டுமே அது ஈடு கொடுக்கும். விளையாட்டுக்கென விற்கப்படும் கனத்த கணினியைத் தோளில் சுமந்து மலைப்பேருந்தில் ஏறுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

சேமிப்பைக் கணக்கிடுவோம். 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா கோப்பு சுமார் 30 எம்பி எனக் கொண்டால், 1,500 படங்கள் 45 ஜிபி. 512 ஜிபி எஸ்எஸ்டியில் இயங்குதளமும் மென்பொருளும் போக 400 ஜிபி மிஞ்சினால், எட்டுத் திருமணங்களில் இடம் தீர்ந்துவிடும். எனவே வெளிச் சேமிப்பு வட்டு வேண்டும். ஒன்றல்ல, இரண்டு. 2018 ஆகஸ்ட் மாதப் பெருமழையில் முல்லைப்பெரியாறு அணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது ஆற்றின் கீழ்ப்புறம் இருந்த வண்டிப்பெரியாறு மக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். கணினியும் வட்டும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். ஒரு வட்டு மேட்டில் வாழும் உறவினர் வீட்டிலோ கம்பத்திலோ இருக்கட்டும். ஒருவருடைய திருமணத்தை மறுபடி எடுக்க இயலாது. ஆகவே 75,000 ரூபாயில் 62,000 வரை கணினிக்கு. மீதி வட்டுகளுக்கும், உறுதியான பைக்கும், மின்னழுத்தக் காப்புக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் அற்ப விலைதான். இடி மின்னலின்போது மின்செருகியைப் பிடுங்கிவைப்பதற்குச் செலவே இல்லை.

பழைய கணினி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் செயலியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின்னது வேண்டும். அதற்கு முற்பட்டது எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடலாம்.

இனிப் பணம். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். 75,000 ரூபாயை 24 மாதத் தவணையில், 12 சதவீத வட்டிக்குப் பெறுவதாகக் கொள்வோம். குறையும் நிலுவைக்கு வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 3,531 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 9,730. அதே 12 சதவீதத்தை 'பிளாட்' முறையில் கணக்கிட்டால் தவணை 3,875, வட்டி 18,000. பின்னதன் உண்மை வட்டி விகிதம் ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. விளம்பரத்தில் இரண்டும் 12தான். 'வட்டியில்லாத் தவணை' என்பதும் அத்தகையதே. வட்டியே இல்லாத கடன் என்ற கருத்துக்கே இடமில்லை என 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன தள்ளுபடி என்று கேளுங்கள். மறைந்திருந்த வட்டி அதில் வெளிப்படும்.

ஒளிப்படம் வருவாய் ஈட்டும் தொழிலாதலால், 2015இல் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் கேட்கலாம். 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. முன்பணம் பெற்ற ரசீதுகளும், கட்டணம் வரவான கணக்குப் புத்தகப் பக்கங்களும் கையில் இருந்தால் கிளையில் பேச்சு எளிதாகும். மாதச் சந்தா மென்பொருளையும் தவணையோடு சேர்த்தே எண்ண வேண்டும். சந்தா கட்ட இயலாதவர்க்கு டார்க்டேபிள், கிம்ப் ஆகியவை இலவசம்.

விலைச்சீட்டைப் பெறுமுன், வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் உத்தரவாதம் நம் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குப் பொருந்துமா என உறுதி செய்துகொள்ளுங்கள். பொருந்தாவிட்டால், முகூர்த்த மாதத்தில் கணினியைத் தூக்கிக்கொண்டு கோட்டயத்துக்கோ தேனிக்கோ அலைய நேரிடும். அந்நாள்களின் கூலியும் கணினியின் விலையில் சேரும்.